ஒரே பிக்கப், மூன்று கணக்கு

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் கிரேட் இறக்கிக்கொண்டிருக்கும் பிக்கப்புகள் எல்லாம் பார்வைக்கு ஒரே ஜாதிதான். வருமான வரிச் சட்டத்துக்கு அப்படியில்லை. வண்டியில் ஏறியிருப்பது யாருடைய சரக்கு என்பதுதான் அதற்கு முக்கியம்.

தன் தோட்டத்துத் தக்காளியை ஏற்றி வந்த விவசாயிக்கு அந்த வருமானத்தில் வரியே கிடையாது, கழிப்பதற்கும் ஒன்றுமில்லை. விலைக்கு வாங்கி விற்கும் வியாபாரி, தன் வண்டிக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம். 9 லட்சம் ரூபாய் வண்டி என்றால் முதல் வருஷம் 1,35,000. அடுத்த வருஷம் மீதமுள்ள 7,65,000-இல் 15 சதவீதம். அதே வண்டியை வாடகைத் தொழிலில் ஓட்டுகிறவருக்கு 30 சதவீதம், அதாவது 2,70,000. சொந்தச் சரக்குக்கு வாங்கிவிட்டு எப்போதாவது ஒரு வாடகை லோடு அடித்தவர், 30 கேட்டால் நிற்காது.

பலர் சறுக்குவது டியூவில். மாதா மாதம் கட்டும் முழுத் தொகையையும் செலவில் எழுதிவிடுகிறார்கள். வட்டி மட்டும்தான் செலவு. அசல் தேய்மானத்தின் வழியாகத்தான் கணக்குக்குள் வரும். டீசல், டயர், இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் எல்லாம் எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒகேனக்கல் போன டீசலை எழுதக் கூடாது. (பின்னால் ஆள் ஏற்றிப் போயிருந்தால் அது போலீஸ் கணக்கு.)

சரி, ஒன்றிரண்டு வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டும் ஓனருக்கு இத்தனை நோட்டுப் புத்தகம் தேவையா? என் கருத்தில், தேவையில்லை. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவருக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏஇ பிரிவு ஒரு குறுக்குவழி தந்தது. 12 டன்னுக்கு மேற்படாத வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டினால் போதும். உண்மையில் கிடைத்தது அதைவிட அதிகம் என்றால் அதைக் காட்ட வேண்டும். வண்டி ஷெட்டில் நின்ற மாதத்துக்கும் இதே தொகைதான். தேய்மானம், டீசல் என்று தனியாகக் கழிக்க முடியாது. ஒரு வண்டிக்கு ஆண்டு வருமானம் 90,000. புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், வேறு வருமானம் இல்லாதவர் கட்ட வேண்டியது பூஜ்யம். ஆனாலும் ரிட்டர்ன் போடுவது நல்லது. அடுத்த வண்டிக்கு லோன் கேட்கும்போது பேங்க்காரர் கேட்கும் முதல் காகிதங்களில் அது ஒன்று.

கமிஷன் மண்டிக்காரர்களுக்கு இத்தகைய குறுக்குவழி இல்லை. தேய்மானத்தைக் கவனமாக எழுத வேண்டியவர்கள் அவர்கள்தான். வண்டி விலையில் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை தேய்மானக் கணக்கில் சேராது.

தேதியும் பார்க்க வேண்டும். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய புது வண்டிக்குப் பாதித் தேய்மானம்தான். நம் ஊரில் வண்டி எடுப்பது பெரும்பாலும் ஆயுத பூஜைக்கு. 2025-இல் அது அக்டோபர் 1. அன்றே லோடு ஏற்றியவருக்கு மார்ச் 31 வரை 182 நாள், முழுத் தேய்மானம். 2024-இல் பூஜை அக்டோபர் 11. அன்று எடுத்தவருக்குப் பாதிதான். மீதி பின்வரும் வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். முதல் லோடு பில்லைத் தேதியோடு எடுத்து வைத்திருந்தால் ஆடிட்டருக்கு வேலை சுலபம்.