காட்டு உயிர்களைத் தேற்றி விடப் பயிற்சி

கரும்பு வெட்டும்போது காட்டுப் பூனைக் குட்டிகள் அகப்படுவது புதிதல்ல. சோகையை விலக்கிக்கொண்டு போகும் ஆள், கண் திறக்காத இரண்டு மூன்று குட்டிகளைக் காண்கிறார். பக்கத்தில் தாய் இல்லை. பாவம், அநாதைக் குட்டிகள் என்று கூடையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள். பசும்பாலில் துணியை நனைத்து வாயில் வைக்கிறார்கள். மறுநாள் கழிச்சல் காண்கிறது. நாலைந்து நாளில் ஒவ்வொன்றாகச் செத்துப் போகின்றன. எடுத்தவர்களிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை, முறைதான் தெரியவில்லை. இந்த முறையைச் சொல்லித் தருவதற்கென்றே சில நாடுகளில் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அவற்றில் நமது விவசாயிகளுக்கு உடனே பயன்படக் கூடியவை எவை, நம் நாட்டில் பயிற்சி பெற விரும்புகிறவர் எங்கே தொடங்குவது என்பதை இங்கே கவனிப்போம்.

அடிபட்ட, நோயுற்ற அல்லது தாயைப் பிரிந்த காட்டு உயிரைத் தேற்றி, அது தானே இரை தேடிப் பிழைக்கும்படி இருந்த இடத்திலேயே திரும்ப விடுவதை வன உயிர் மறுவாழ்வு என்கிறார்கள். இது ஆடு, மாடு வளர்ப்பதைப் போன்றதல்ல. ஆட்டுக்குட்டி நம் காலைச் சுற்றி வந்தால் நமக்குச் சந்தோஷம். காட்டுக் குட்டி காலைச் சுற்றி வந்தால் அது கெட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். மனிதனைக் கண்டு பயப்படாத விலங்கு, வெளியே விட்டால் நாய்க்கோ, கல்லடிக்கோ சீக்கிரம் இரையாகிவிடும்.

அமெரிக்காவில் இந்தத் துறைக்கான சர்வதேசக் கவுன்சில் 1972-ம் ஆண்டிலும், தேசியச் சங்கம் 1982-ம் ஆண்டிலும் ஏற்பட்டன. அங்கே பெரும்பாலான காட்டுப் பறவைகளைத் தேற்றி விட மத்திய அரசின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு முழு வருஷ காலத்தில் குறைந்தது 100 மணி நேரம் பறவைகளைக் கையில் எடுத்துப் பராமரித்த அனுபவம் இருக்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து கேட்டதை அந்த 100 மணியில் 20 மணி வரைதான் கணக்கில் சேர்க்கலாம். இது நியாயமான விதி. கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டுக்குக் கை கொடுக்கப் புத்தகத்தில் படித்துக் கற்றவர் யாரும் இல்லை அல்லவா?

எடுக்காமல் இருப்பதே முதல் பாடம்

இந்த வகுப்புகளில் முதலில் சொல்லித் தருவது, எதை எடுக்கக் கூடாது என்பதைத்தான். தனியாகக் கிடக்கும் குட்டி எல்லாம் தாயில்லாக் குட்டி அல்ல. முயல் தன் குட்டிகளைப் புல்லில் விட்டுவிட்டுப் பகலெல்லாம் விலகியே இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு வந்து பால் கொடுக்கும். மான் கன்றும் தாய் மேயப் போன நேரத்தில் புல்லில் அசையாமல் படுத்திருக்கும். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகும் பறவைக் குஞ்சு பெரும்பாலும் பறக்கப் பழகிக்கொண்டிருக்கும். தாயும் தகப்பனும் பக்கத்து மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்திருந்தால் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடலாம். மனிதன் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல. மோட்டார் கொட்டகையிலோ, பாழடைந்த வீட்டிலோ இருந்து விழும் வெள்ளை மூஞ்சி ஆந்தைக் குஞ்சுக்கும் இது பொருந்தும். அதை அபசகுனம் என்று அடித்துப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயலில் எலி வேட்டையாட அதற்கு இணையான ஆள் கிடையாது.

இந்த முதல் பாடத்தின் பலனைப் பார்க்க மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டத்திலுள்ள ஜுன்னர் வட்டாரத்துக்குப் போக வேண்டும். அங்கே கரும்புக் கொல்லைகளிலேயே சிறுத்தை குட்டி போடுகிறது. மாதக் கணக்கில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் கரும்பு அதற்குக் காடு மாதிரிதான். வெட்டு ஆட்களின் சத்தம் கேட்டுத் தாய் விலகிப் போன பிறகு குட்டிகள் ஆட்கள் கண்ணில் படும். அப்படிக் கிடைக்கும் குட்டிகளைக் கூண்டில் வளர்த்தால் அவற்றுக்கு ஆயுள் முழுவதும் கூண்டுதான். குட்டியைப் பறிகொடுத்த தாயோ ஊரைச் சுற்றிச் சுற்றி வரும். ஆகவே அங்குள்ள வன இலாகாவும், மாணிக்டோ சிறுத்தை மையத்தின் டாக்டர்களும் வேறு முறையைக் கையாளுகிறார்கள். குட்டியின் உடல்நிலையைப் பரிசோதித்துவிட்டு, அன்று மாலையே அது கிடைத்த அதே இடத்தில் ஒரு பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். ஆட்கள் எல்லாரும் விலகிவிடுகிறார்கள். தானே படம் பிடிக்கும் காமிராவை மட்டும் பக்கத்தில் கட்டி வைக்கிறார்கள். இருட்டிய பிறகு தாய் வந்து பெட்டியைத் தள்ளி, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போவது பல தடவை படமாகியிருக்கிறது.

சிறுத்தை விஷயத்தில் நாமே எதுவும் செய்யக் கூடாது. வன இலாகா வரும்வரை ஆட்களோடு வயலை விட்டு வெளியேறிவிட வேண்டும். காட்டுப் பூனைக் குட்டிக்கும் இதே முறைதான், ஆனால் அதை விவசாயியே செய்யலாம். அந்தப் பாத்தியில் வெட்டை நிறுத்திக் கொஞ்சம் கரும்பை நிற்க விடுங்கள். குட்டிகள் ஊர்ந்து வெளியேறாதபடி, தாய் கவ்வி எடுக்கத் தடையில்லாதபடி, உயரம் குறைந்த கூடையில் சோகையைப் பரப்பி அதில் வையுங்கள். வெயில் படக் கூடாது. நாய்களைக் கட்டிப் போடுங்கள். மறுநாள் காலையிலும் குட்டிகள் அங்கேயே கிடந்தால் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். ஒரு நாள் வெட்டு தள்ளிப் போனால் ஆள் கூலியும் ஆலையின் வெட்டு உத்தரவும் தொல்லை கொடுக்கும் என்பது உண்மைதான். ஒரு பாத்தியை மட்டும் கடைசிக்கு ஒதுக்கினால் வேலை கெடாது. ராஜஸ்தானத்தில் சரிஸ்கா காட்டில் ஆராய்ந்தவர்கள் காட்டுப் பூனை ஒன்று நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகளைத் தின்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சூடு, தண்ணீர், பிறகு தீனி

உண்மையிலேயே அடிபட்டுக் கிடக்கும் பிராணியை என்ன செய்வது? நமக்கு முதலில் தோன்றுவது தீனி கொடுப்பது. பயிற்சியில் சொல்லித் தருவது இதற்கு நேர் எதிர். உடம்பு சில்லிட்டுப் போன குட்டிக்குத் தீனி ஜீரணமாகாது. வயிற்றில் தங்கிக் கெடும். முதலில் உடம்புச் சூடு திரும்ப வேண்டும். அடுத்து இழந்த நீர் உடம்பில் சேர வேண்டும். தீனி மூன்றாவதுதான். நீர் கொடுப்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு கிலோ எடையுள்ள பிராணி நீரிழந்து வந்தால் 100 மில்லி குறைந்திருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். அதன் அன்றாடத் தேவை 50 மில்லி. குறைந்ததில் பாதியை முதல் நாளிலும், மீதியை அடுத்த இரண்டு நாட்களிலும் சரிக்கட்ட வேண்டும். ஆக முதல் நாள் 100 மில்லி, அடுத்த இரண்டு நாட்களும் 75 மில்லி வீதம். பெரும்பாலும் ஊசி மூலம் தோலுக்கடியில் செலுத்துவார்கள். இது பயிற்சி பெற்றவர்களின் வேலை. நாம் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. பறவையின் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக் குழலின் வாய் இருக்கிறது. அலகைப் பிளந்து ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். காக்கும் எண்ணத்தோடு கொல்லும் வழி இதுதான்.

விவசாயி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மூச்சுத் துளை போட்ட அட்டைப் பெட்டி போதும். மயில் போன்ற பெரிய பறவையானால் கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தின் மேல் சாக்கைப் போர்த்தலாம். குட்டியானால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். பிறகு பெட்டியை மூடி, இருட்டான, சந்தடியில்லாத இடத்தில் வைத்துவிட வேண்டும். தெருப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதும், தடவிக் கொடுப்பதும், செல்போனில் படம் எடுப்பதும் ஆகாது. தடவிக் கொடுத்தால் அடங்கிக் கிடக்கும் மான் கன்று சமாதானமாகிவிட்டது என்று நினைக்கிறோம். அது பயத்தில் விறைத்துக் கிடக்கிறது. துரத்திப் பிடித்த மான் அந்தப் பயத்தாலேயே தசைகள் சிதைந்து, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ செத்துப் போவது உண்டு. கட்டாயம் பிடிக்க வேண்டியிருந்தால் கண்ணைத் துணியால் மூடிவிடுவது நல்லது.

சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் நம் பக்கத்தில் ஏராளம். கிணற்றில் விழுந்த பிராணி நீந்தி நீந்திக் களைத்துத்தான் மூழ்கும். தீயணைப்புப் படையும் வன இலாகாவும் வரும்வரை அது தொற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். கயிற்றுக் கட்டிலை நான்கு மூலையிலும் வடக்கயிறு கட்டி இறக்கிவிட்டால் ஏறி நின்றுகொள்ளும். ஆள் யாரும் கிணற்றில் இறங்க வேண்டாம்.

நம் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாரையும் பெரிய கொக்கும் கண்ணைக் குறிபார்த்துக் கொத்தும். ஆந்தை, பருந்துகளுக்கு ஆயுதம் அலகல்ல, கால் நகம். நரி, கீரி, காட்டுப் பூனை இவை கடித்தாலோ பிறாண்டினாலோ வெறிநோய் தொற்றக் கூடும். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் இதற்கு மருந்தல்ல. பாம்பை, அது எவ்வளவு சிறியதானாலும், பழகியவர்களுக்கு விட்டுவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் வருஷத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு உயிர் எப்படி நம் கைக்கு வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ வன அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். தேற்றுவதற்காகத்தான் வைத்திருந்தேன் என்பது சமாதானம் ஆகாது. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, முதல் அட்டவணையைச் சேர்ந்த உயிரினங்கள் சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு 3 வருஷத்துக்குக் குறையாத சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. மயில் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. மயில் முட்டையை எடுத்துக் கோழிக்கு அடை வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நெல்லையும் நிலக்கடலையையும் நாசம் செய்யும் மயிலை எதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கும் விவசாயியின் வயிற்றெரிச்சல் நியாயமானது. பயிர்ச் சேதத்துக்கு அரசு வழி காண வேண்டியது தனிக் கதை. ஆனால் ஒரு மயில் உங்கள் வயலில் செத்துக் கிடந்தால், விஷம் வைத்ததாகச் சந்தேகம் முதலில் விழுவது உங்கள் மேல்தான். துவண்டு கிடக்கும்போதே தகவல் கொடுத்தவருக்கு அந்தத் தொல்லை குறைவு. மருந்து கலந்து நேர்த்தி செய்த விதையைத் தின்றும் பறவைகள் மயங்கி விழலாம். அப்படிப்பட்ட விதையை விதைத்தால் மண் மூடும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

பயிற்சி பெற விரும்பினால்

நம் நாட்டில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்யும் மையம் அஸ்ஸாமில் காசிரங்கா காட்டின் ஓரத்தில் 2002-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. பிரம்மபுத்திரா வெள்ளத்தில் அடித்து வரப்படும் காண்டாமிருகக் கன்றுகள், யானைக் கன்றுகள், மான்கள் அங்கே தேற்றப்படுகின்றன. அங்கு புட்டிப்பால் குடித்து வளர்ந்த காண்டாமிருகங்கள் 2006-ம் ஆண்டிலிருந்து மானஸ் காட்டுக்கு அனுப்பப்பட்டு வருகின்றன. 1982-ல் ஏற்பட்ட டேராடூன் வன உயிரின நிறுவனத்தின் நீண்டகாலப் பயிற்சிகள் முக்கியமாக வன அதிகாரிகளுக்கானவை. தமிழ்நாட்டில் வண்டலூரில் வன இலாகாவின் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ச்சியும் பயிற்சியும் நடத்துகிறது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் வன விலங்கு வைத்தியத்துக்கெனத் தனித் துறை உண்டு. கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தத் துறையை அவர்களுக்குச் சொல்லி வைக்கலாம்.

பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர்களுக்கு இதில் இடமில்லை என்று எண்ண வேண்டாம். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விடுகிறார்கள். இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய், அங்கு பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்கும் வித்தையைக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

விவசாயிகளுக்கு மாதக் கணக்கில் வகுப்பு தேவையில்லை. கரும்பு வெட்டு தொடங்கும் முன் ஒரு நாள் போதும். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் அவை இருக்கின்றன. காளானுக்கும் தேனீக்கும் பயிற்சி தரும் அந்த நிலையங்கள், வனச்சரகரையும் கால்நடை டாக்டரையும் அழைத்து இதற்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். விவசாயிகள் சங்கங்கள் எழுதிக் கேட்டால் நடக்கக் கூடியதுதான்.

ஆர்வமுள்ள இளைஞர்கள் மாவட்ட வன அலுவலரைச் சந்தித்து, மீட்பு வேலைகளில் உடன் போக அனுமதி கேட்கலாம். மற்றவர்கள் வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, மோட்டார் கொட்டகைச் சுவரில் எழுதி வைத்தால் போதும். பிராணியை ஒப்படைக்கும்போது, அது எந்த வயலில், எந்த வரப்பருகில், எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். தேறிய பிறகு அதைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கு அந்தச் சீட்டு உதவும்.