உடற்பயிற்சி தொடங்கியபின் எடை கூடுவது ஏன்?

உணவைக் கட்டுப்படுத்தி எடையைக் குறைக்கத் தொடங்குகிறோம். எடையும் மெல்லக் குறைகிறது. அடுத்த கட்டமாக உடற்பயிற்சியையும் சேர்த்துக்கொண்டதும் எடை குறைவது நின்றுவிடுகிறது. சிலருக்கு ஓரிரு கிலோ கூடியும் விடுகிறது. பலர் மனம் சோர்ந்து பயிற்சியைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். எடைக்கருவி காட்டும் எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் அவ்விழப்பைத் தவிர்க்கலாம்.

கூடியது கொழுப்பா?

ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். இரண்டே நாளில் ஒரு கிலோ கொழுப்புச் சேர வேண்டுமெனில், வழக்கமாக உண்பதற்கும் மேலாக, ஏறக்குறைய நான்கு நாள் உணவை உண்டிருக்க வேண்டும். தசை வளர்ந்துவிட்டது என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. குறிப்பிடத்தக்க அளவு தசை வளர மாதங்கள் ஆகும். தொடக்கத்தில் கூடுவது பெரும்பாலும் நீரே.

நீர் சேரும் வழிகள்

பழக்கமில்லாத பயிற்சியால் தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றைச் சீர்செய்யும் பணியின்போது அவ்விடத்தில் நீர் தேங்குகிறது. பயிற்சிக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி மிகுவதும் இதனோடு தொடர்புடையதே.

பயிற்சிக்குப் பழகும் தசைகள் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைக் கூடுதலாகச் சேமிக்கின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜனுடன் சுமார் 3 கிராம் நீரும் தங்குகிறது. எனவே சேமிப்பு 200 கிராம் உயர்ந்தால் எடை சுமார் 800 கிராம் உயரும்.

நாள்தோறும் நடந்தாலோ ஓடினாலோ இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும் முதல் ஓரிரு வாரங்களில் பெருகும். இது உடல் பயிற்சிக்குப் பழகுவதன் நல்ல அடையாளம். இவை தவிர, ஊறுகாய், அப்பளம் போன்ற உப்பு மிகுந்த உணவு, மலச்சிக்கல், பெண்களுக்கு மாதவிடாய்க் காலம் ஆகியவையும் எடையை ஏற்றி இறக்கும்.

அனாமத்தில் வையுங்கள்

இருப்பாய்வில் வேறுபாடு தோன்றினால், காரணம் தெரியும் வரை அத்தொகையை அனாமத்துக் கணக்கில் வைப்பது கணக்கியல் மரபு. உடனே நட்டம் என்று எழுதிவிடுவதில்லை. பயிற்சியின் முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில் கூடும் எடையையும் அவ்வாறே கருதலாம். அதுவரை பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

• காலையில் கழிவறை சென்று வந்தபின், உண்பதற்கு முன், ஒரே கருவியில் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணை விடுத்து, வாரச் சராசரியை முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

• இடுப்பளவையும் குறித்து வாருங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. எடை மாறாமல் இடுப்பளவு குறைந்தால் அதுவும் முன்னேற்றமே.

• எடையைக் குறைக்கத் தண்ணீரைக் குறைப்பதும் உணவைத் தவிர்ப்பதும் கூடாது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

சில நாள்களில் எடை விரைந்து கூடி, கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தாலும், கடும் தசைவலியுடன் சிறுநீர் கருமையாகக் கழிந்தாலும் தாமதிக்கலாகாது. நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாளுக்கு 30 நிமிடம் என ஐந்து நாள் நடந்தால் போதும். தொடர் வைப்புக் கணக்கைப் போலவே இதிலும் தவணை தவறாமையே பலன் தரும்.