ஆய் அரசன் எழுதிக்கொடுத்த சாலை

பாறசாலைச் சாயாக்கடையில் உட்கார்ந்து தாராளமாகக் கேட்கக்கூடிய கேள்விதான்: இந்த எல்லையோர ஊர்களுக்கென்று ஓர் அரச குடும்பம் இருந்ததா? இருந்தது. ஆய் குடும்பம். ஒரு சாயா ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதையல்ல, நிதானமாகவே பார்ப்போம்.

சங்கப் பாடல்களில் வள்ளலாக வரும் ஆய் அண்டிரனின் பெயரைத் தாங்கிய குடி இது. கிரேக்க நிலநூலறிஞர் தாலமியும் ஆய் நாட்டைக் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் இவர்களின் முக்கியத் துறைமுகமாக விளங்கியது விழிஞம். இன்றைய நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருக்கிறது. வடக்கே சேரர், கிழக்கே பாண்டியர். இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவில் அகப்பட்ட சின்ன வீடு. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சிக்கு வந்த பாண்டியன் நெடுஞ்சடையன், விழிஞத்தை அழித்ததைத் தன் செப்பேட்டில் பெருமையாகவே எழுதிவைத்தான்.

இப்படி அடிவாங்கிய குடும்பம் ஒன்பதாம் நூற்றாண்டில் செய்த காரியம்தான் நம் விஷயம். கருநந்தடக்கன் என்ற ஆய் அரசன், முஞ்சிறை ஊர்ச் சபையிடமிருந்து உழக்குடிவிளை என்ற நிலத்தை வாங்கினான். சபைக்கு வேறு நிலத்தைக் கொடுத்து, மாற்றாக இதைப் பெற்றான். அரசனேயானாலும் சபையின் நிலத்தைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே விஷ்ணு கோயில் கட்டி, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, கூடவே ஒரு சாலையும் நிறுவினான். இந்தக் கொடையைப் பதிந்த செப்பேடு தன் நாளைக் கலிநாள் 14,49,087 என்று எண்ணிச் சொல்வதால், கி.பி. 866 என்று ஐயமில்லாமல் கணக்கிட முடிகிறது. அந்த ஊர்தான் இன்றைய பார்த்திபபுரம். களியக்காவிளை எல்லையைக் கடந்து குமரி மாவட்டத்துக்குள் வந்தால், முஞ்சிறைக்கு அருகில் இருக்கிறது.

சாலை என்றால் உண்டி, உறைவிடத்தோடு கூடிய கல்வி நிலையம். அங்கே தங்கிப் படித்தவர்கள் சட்டர். இடங்கள் 95. அவை வேதப் பிரிவுவாரியாகப் பிரிக்கப்பட்டன: பவிழிய சரணத்தார்க்கு 45, தைத்திரிய சரணத்தார்க்கு 36, தலவகார சரணத்தார்க்கு 14. சேர வருபவருக்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். புரோகிதம் செய்யும் தகுதி வேண்டும். மூன்று அரசுகளின் விவகாரங்களிலும் தேர்ச்சி வேண்டும். இந்த மூன்றாவது தகுதிதான் முக்கியம். மூவேந்தர் நாடுகளுக்கிடையே பிழைக்க வேண்டிய சின்ன அரசுக்கு, அந்த நாடுகளின் நடைமுறை அறிந்த ஆட்கள் அவசியம். பக்தியோடு ராஜ்ய காரியமும் இந்தக் கொடையில் கலந்திருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

விதிகளைப் பார்த்தால் அங்கே இருந்தவர்கள் கண்முன் வந்து நிற்பார்கள். சட்டர் ஒருவரையொருவர் இழிவாகப் பேசினால் தண்டம். கூட்டத்துக்குப் படைக்கலம் கொண்டுவரக் கூடாது. மடத்தில் வெள்ளாட்டிகளை, அதாவது பணிப்பெண்களை, வைத்துக்கொள்ளக் கூடாது. நடக்காத ஒன்றுக்கு யாரும் தடை எழுத மாட்டார்கள் அல்லவா? இந்த விதிகளெல்லாம் முன்பே நடந்துவந்த காந்தளூர்ச் சாலை என்ற கல்வி நிலையத்தின் முறையைப் பின்பற்றியவை. அத்தகைய சாலைகளில் வேதத்தோடு ஆயுதப் பயிற்சியும் இருந்தது என்று வரலாற்றாய்வாளர் எம்.ஜி.எஸ். நாராயணன் கருதினார்.

ஆள்வோர் இப்படி நிலம் கொடுத்துச் சமய நிலையம் நிறுவியது நம் மண்ணில் மட்டுமல்ல. 910இல் பிரான்சில் அக்விட்டேன் பிரபு வில்லியம் நிலம் கொடுத்து க்ளூனி மடத்தை நிறுவினார். கொடுத்தவர் பெயர் மடத்தோடு நிலைத்தது அங்கும் நடந்ததுதான்.

ஆனால் ஆய் நாடு ஒரே சமயத்தோடு நிற்கவில்லை. கருநந்தடக்கனுக்குப் பின் வந்த விக்கிரமாதித்த வரகுணன், ஸ்ரீமூலவாசத்துப் பௌத்த விகாரைக்கு நிலம் கொடுத்ததைப் பாலியம் செப்பேடு சொல்கிறது. அவனுடைய 28ஆம் ஆட்சியாண்டில், சிதறால் மலையிலுள்ள சமணத் தலத்தில் குணந்தாங்கிக் குரத்தி என்ற பெண் துறவி பகவதிக்குப் பொன்னணிகள் அளித்தார். சாலையின் 95 இடங்களும் வேதம் ஓதும் ஆண்களுக்கே. பெண்ணுக்கும் உழவருக்கும் அங்கே இடமில்லை. அதே நாட்டின் மலையொன்றில் ஒரு பெண் துறவி தன் பெயரிலேயே கொடையைக் கல்லில் பொறிக்க முடிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் காலத்தை நேர்மையாகச் சொன்னதாகும்.

குடும்ப உறவும் செப்பேட்டில் ஏறியது. தெங்கநாட்டுக் கிழவன் சாத்தன் முருகன் என்ற பிரபுவின் மகள் முருகன் சேந்தியை வரகுணன் மணந்தான். அவள் ஆய்குல மகாதேவி ஆனாள். அந்தத் திருமணத்தையொட்டிய நிலச் சலுகையும் எழுத்தில் இருக்கிறது. கோயில், சாலை, விகாரை, கல்யாணம், எதுவானாலும் நிலத்தின் வழியாகவே உறவு உறுதியானது. அதனால்தான் ஆய் குடும்பத்தின் வரலாறு நமக்குப் பெரும்பாலும் நிலப் பத்திரமாகக் கிடைக்கிறது.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் இந்த மண்ணின் குறுக்கே மாநில எல்லை விழுந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆய் குடும்பத்தின் துறைமுகம் ஒரு மாநிலத்தில், அவர்கள் நிறுவிய சாலை மறு மாநிலத்தில். ஆகவே பிள்ளைகளை அழைத்துச் செல்வதானால் இரண்டு பக்கமும் அழைத்துச் செல்லுங்கள். காலையில் விழிஞம் குடைவரைக் கோயில், பிறகு பார்த்திபபுரம், வெயில் தாழ்ந்ததும் சிதறால் மலை. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால், துறைமுகம் இல்லாத சாலையோ சாலை இல்லாத துறைமுகமோதான் அவர்கள் மனதில் பதியும். அந்தக் குடும்பம் எதற்காக 95 பேரைப் படிக்கவைத்தது என்பது விளங்காமலே போகும்.