பத்தின் அடுக்குகள்

சூரியன் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விஞ்ஞானிகள் இதனை 1.5×10⁸ கிலோமீட்டர் என்பர். மீட்டராக்க அடுக்கில் 3 கூட்டினால் போதும்: 1.5×10¹¹. மைல், பர்லாங், கஜம், அடி என்று போயிருந்தால் 8, 220, 3 எனப் பெருக்கியே களைத்திருப்போம்!

ஒளியின் வேகம் விநாடிக்கு 3×10⁸ மீட்டர். அது சூரியனிலிருந்து இங்கு வர எவ்வளவு நேரமாகும்? 1.5-ஐ 3-ஆல் வகுத்தால் 0.5, 11-இல் 8 போக 3. ஆக 0.5×10³, அதாவது 500 விநாடி.

இம்முறை இத்துணை எளிது. ஆயினும் கண்ணை ஏமாற்றவும் வல்லது. சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் பிராக்சிமா செண்டாரி. அதன் தொலைவு 4×10¹⁶ மீட்டர். 11-க்கும் 16-க்கும் ஐந்துதானே வேறுபாடு என்று தோன்றும். அந்த ஐந்து ஒரு லட்சம் மடங்கு! 4-ஐ 1.5-ஆல் வகுத்து வருவதையும் பெருக்கினால் இரண்டரை லட்சம் மடங்கையும் தாண்டுகிறது.

1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 விநாடிக்குச் சுமார் 1.7×10⁴ மீட்டர் செல்கிறது. அது அவ்விண்மீனை நோக்கிச் செல்லவில்லை. சென்றால் என்னவாகும் என்று கணக்கிடுவோம். தொலைவை வேகத்தால் வகுக்க 2.35×10¹² விநாடி. ஓர் ஆண்டுக்கு 3.15×10⁷ விநாடி. மீண்டும் வகுக்க, சுமார் 75,000 ஆண்டுகள்!