நான்கு எண்களும் சரி: விக்கிப்பீடியாத் தகராறின் செலவுக் கணக்கு

புதுச்சேரியின் மக்கள்தொகை எவ்வளவு? 2011 கணக்கெடுப்பைப் பார்த்தால் நான்கு விடைகள் கிடைக்கும்.

யூனியன் பிரதேசம் முழுவதும்: 12.48 லட்சம்
புதுச்சேரி மாவட்டம்: 9.5 லட்சம்
சுற்றுப்புறங்களும் சேர்ந்த நகரத் தொகுதி: 6.57 லட்சம்
புதுச்சேரி நகராட்சி மட்டும்: சுமார் 2.4 லட்சம்

மூலக்குளத்தில் குடியிருப்பவர் முதல் மூன்று எண்களில் அடங்குவார், நான்காவதில் அடங்கமாட்டார். மூலக்குளம் உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. அதன் மக்கள்தொகை 3 லட்சம். புதுச்சேரி நகராட்சியைவிட அதிகம். விக்கிப்பீடியாவில் ஒருவர் 6.57 லட்சம் என்று எழுதுகிறார், இன்னொருவர் அதை நீக்கி 2.4 லட்சம் என்று போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரிடமும் அரசு ஆதாரம் உண்டு, இருவருமே நேர்மையானவர்கள். ஆனாலும் தொகுத்தல் போர் மூளும். எண்ணோடு எல்லையையும் ஆண்டையும் எழுதியிருந்தால் அந்தப் போருக்கு வேலையே இல்லை.

படிக்குப் படி ஏறும் செலவு

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தை 24 மணி நேரத்துக்குள் 3 தடவைக்கு மேல் மீளமைப்பவர், அதாவது பிறரின் மாற்றத்தை நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவருபவர், தடைசெய்யப்படலாம். இந்த விதி சண்டையை நிறுத்தும். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லாது. அதற்குக் கட்டுரையின் பேச்சுப் பக்கம் போக வேண்டும். அங்கே ஆளுக்கு 10 நிமிடம் செலவிட்டால் 2 பேருக்கு 20 நிமிடம். முடிவு எட்டாவிட்டால் மூன்றாவது ஒருவரின் கருத்தைக் கேட்கலாம். அதற்கும் மேலே, எல்லோரையும் அழைத்துக் கருத்துக் கேட்கும் வழி உண்டு. அது வழக்கமாக 30 நாள் வரை திறந்திருக்கும். 20 பேர் வந்து ஆளுக்கு அரை மணி நேரம் படித்து எழுதினால் 10 மணி நேரம். பேச்சுப் பக்கத்தில் ஆகியிருக்கக்கூடிய செலவைப்போல் 30 மடங்கு. உச்சியில் 2004 முதல் இயங்கும் நடுவர் குழு இருக்கிறது. முழு எண்ணிக்கை 15 பேர். உள்ளடக்கத்தில் எது சரி என்று அவர்களும் சொல்வதில்லை. தொகுப்பவர்களின் நடத்தையைத்தான் விசாரிக்கிறார்கள்.

ஓர் எழுத்தின் விலை

2012 இறுதியில் ‘ஸ்டார் ட்ரெக்’ படமொன்றின் பெயரில், மூன்றாவது சொல்லின் முதலெழுத்து பெரியதா சிறியதா என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் விவாதம் எழுந்தது. அதில் எழுதிக் குவிக்கப்பட்டவை சுமார் 40,000 சொற்கள். தயிர்க் கட்டுரையின் ஆங்கிலத் தலைப்பில் ‘எச்’ வேண்டுமா என்ற கேள்வி 2003 முதல் 2011 வரை இழுத்தது.

தமிழ்க் கணக்கில் 40,000 சொல் என்ன பெறும்? கட்டுரைக்கு 400 சொல் என்றால் 100 கட்டுரை. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் பிறந்து 2017 மே மாதம் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. நாளொன்றுக்குச் சராசரி 20. அப்படியானால் அந்த ஓர் எழுத்து விவாதம் தமிழ் விக்கிப்பீடியாவின் 5 நாள் விளைச்சலுக்குச் சமம். ஆங்கிலம் அதைத் தாங்கும். 2025இல் அது 70 லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்க் கட்டுரைகளைப் பார்த்துக்கொள்ள மாதந்தோறும் வருபவர்கள் சில நூறு பேர்தான். மனம் நொந்து ஒருவர் விலகினாலும் அது நமக்குப் பெரிய நட்டம்.

மிச்சப்படுத்திய மூன்று வழிகள்

முதல் வழி, வழிமாற்று. கனடாவில் இருப்பவர் ரொறன்ரோ என்பார், சென்னையில் இருப்பவர் டொராண்டோ என்பார். ஒன்றைத் தலைப்பாக்கி மற்றதிலிருந்து ஒரு வரியில் வழிமாற்று வைத்தால் இரண்டு வாசகர்களும் ஒரே கட்டுரைக்கு வந்து சேர்வார்கள்.

இரண்டாவது, ஆதாரங்களைத் தரம் பிரிப்பது. 2006இல் ஈழப்போர் மீண்டும் மூண்டபோது ஆங்கில விக்கிப்பீடியாவின் இலங்கைக் கட்டுரைகளிலும் சண்டை முற்றியது. அந்த ஆண்டு தொடங்கிய இலங்கை நல்லிணக்கத் திட்டத்தில் இரு தரப்பினரும் கூடி ஆதாரங்களை 3 வகையாகப் பிரித்தார்கள்: நம்பத்தக்கவை, யார் சொன்னது என்று குறிப்பிட்டு மட்டும் எடுத்தாளத்தக்கவை, ஒதுக்கத்தக்கவை. களத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் எதிரெதிர்த் தரப்பினர் செய்த வேலை இது. இதற்கு நாம் தலைவணங்க வேண்டும்.

மூன்றாவது, இரண்டு உண்மைகளுக்கும் இடம் தருவது. புதுச்சேரி விடுதலை பெற்றது எப்போது? 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அந்த நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். நவம்பர் 1 அரசு விடுதலை நாளாகக் கொண்டாடப்படுவது 2014 முதல். ஒரே தேதியைப் பிடித்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் சண்டை போடலாம். தேதிகளையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டால் வாசகருக்கு வரலாறே கிடைத்துவிடும்.

இந்த மூன்றுக்கும் பணச் செலவு இல்லை, நடுவர் குழுவும் வேண்டாம். முதல் மீளமைப்புக்கு முன்பே பேச்சுப் பக்கத்தில் ஆதாரத்தை வைத்து, “உங்கள் ஆதாரம் எது?” என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்டால் போதும். சம்பளமில்லாமல் உழைப்பவர்களின் நேரம்தான் தமிழ் விக்கிப்பீடியாவின் ஒரே முதல். அதைச் சண்டையில் கரைக்க நமக்கு உரிமை இல்லை.