காமராசர்: பதவியும் பணியும்

நுழையும்முன்

மக்களாட்சியில் பதவி என்பது மக்கள் தரும் பொறுப்பு. அதனைப் பெறுவதற்குத் தகுதி வேண்டும். பயன்படுத்துவதற்கு நோக்கம் வேண்டும். துறப்பதற்கும் இழப்பதற்கும் மனத்திண்மை வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே பெற்ற ஒருவரின் பொதுவாழ்வை இப்பாடம் விளக்குகிறது.

கரிசல் மண்ணின் மைந்தர்

விருதுநகரும் சிவகாசியும் சாத்தூரும் மழை குறைந்த கரிசல் பகுதிகள். உழவை மட்டும் நம்பி வாழ முடியாத இம்மண்ணின் மக்கள் வணிகத்தையும் கைத்தொழிலையும் நாடினர். 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பட்டாசும் அச்சும் அதனைப் பின்தொடர்ந்தன. வானம் பொய்த்த ஊர்களுக்கு இத்தொழில்கள் சோறிட்டன. ஆயினும், கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறுவர் சிறுமியரின் கைகளும் பல காலம் ஈடுபடுத்தப்பட்டன. வீட்டின் வறுமை பள்ளியின் வாசலை அடைத்தது.

அத்தகைய நிலத்தில், விருதுபட்டி என வழங்கிய விருதுநகரில், 1903 சூலை 15 அன்று குமாரசாமி – சிவகாமி இணையரின் மகனாகக் காமராசர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சத்திரிய வித்தியாசாலையில் பயின்றுவந்த அவரது படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. தாய்மாமனின் துணிக்கடை அவரது பணியிடமாயிற்று. பின்னாளில் நாடு போற்றிய கல்வித் திட்டங்களின் விதை, பாதியில் நின்ற இப்படிப்பிலேயே இருந்தது.

சிறையும் பொறுப்பும்

1919-இல் நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் படுகொலை காமராசரை விடுதலைப் போராட்டத்தின்பால் ஈர்த்தது. 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். தீரர் சத்தியமூர்த்தியைத் தம் அரசியல் வழிகாட்டியாகக் கொண்டார். 1937-இல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினராகவும், 1940-இல் தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டியின் தலைவராகவும் ஆனார். அவர் சிறையில் கழித்த காலம் மொத்தம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளாகும்.

1941-இல் அவர் வேலூர்ச் சிறையில் இருந்தபோது, விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி ஊர் திரும்பியவர் அப்பதவியிலிருந்து விலகினார். முழுமையாகப் பணியாற்ற இயலாத பொறுப்பை ஏற்றிருப்பது முறையன்று என்பது அவர் கொள்கை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதலமைச்சர் பதவியைத் துறந்தபோதும் அதே மனப்பாங்கினைக் காணலாம்.

கல்விக்கு வழிதிறந்த ஆட்சி

1954 ஏப்ரல் 13 அன்று காமராசர் சென்னை மாநில முதலமைச்சரானார். அமைச்சரவை அவரையும் சேர்த்து எட்டுப் பேரை மட்டுமே கொண்டிருந்தது. கட்சித் தலைமைக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்துக்கும் அதில் இடமளித்தார்.

அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில் என அமைந்து, பெரும் எதிர்ப்புக்கு உள்ளாகியிருந்த முந்தைய கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. மூடப்பட்ட பள்ளிகள் திறக்கப்பட்டன. பள்ளியில்லா ஊர்களில் புதிய பள்ளிகள் தோன்றின. கட்டணமில்லாக் கல்வி படிப்படியாகப் பள்ளியிறுதி வகுப்பு வரை விரிந்தது.

பள்ளியைத் திறந்தால் மட்டும் போதுமா? பசித்த பிள்ளை எவ்வாறு படிக்கும்? வேலைக்குச் சென்றால் கிடைக்கும் கூலியில் ஒருவேளை உணவுண்ணும் குழந்தைக்கு, பள்ளியிலேயே அவ்வுணவு கிடைக்க வேண்டும். இத்தெளிவே 1956-இல் மதிய உணவுத் திட்டமாக மலர்ந்தது. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு இதற்குத் துணைநின்றார். அரசின் நிதியோடு ஊர்மக்கள் வழங்கிய அரிசியும் பொருளும் சேர்ந்தன. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வாயிலாகக் கட்டடங்களும் தளவாடங்களும் சீருடைகளும் மக்களின் கொடையாகப் பள்ளிகளை வந்தடைந்தன.

வைகை, சாத்தனூர், அமராவதி உள்ளிட்ட அணைகள் எழுந்ததும், கிண்டித் தொழிற்பேட்டை, திருச்சி கொதிகலன் ஆலை போன்றவை வளர்ந்ததும் இக்காலத்திலேயே.

தெரிந்து தெளிவோம்

பிரான்சு நாட்டின் பிரதமர்களுள் ஒருவரான ஜூல் ஃபெரி, தொடக்கக் கல்வியை 1881-இல் கட்டணமற்றதாகவும், 1882-இல் கட்டாயமானதாகவும் ஆக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தவர். 1889-இல் தம் சொந்த ஊரிலேயே தேர்தலில் தோற்றார். எனினும், அவர் குடியேற்ற ஆதிக்கத்தை விரிவாக்க முனைந்தவர்; காமராசரோ அத்தகைய ஆதிக்கத்தை எதிர்த்துச் சிறைசென்றவர்.

துறத்தலும் தோற்றலும்

ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தபின், மூத்த தலைவர்கள் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்னும் திட்டத்தை நேருவிடம் முன்வைத்தார். பிறருக்குச் சொல்வதற்கு முன் தாம் செய்ய வேண்டும் என்பதற்கேற்ப, 1963 அக்டோபர் 2 அன்று பதவி விலகினார். அத்திட்டம் ‘காமராசர் திட்டம்’ என்றே பெயர்பெற்றது. பின்னர் அகில இந்தியக் காங்கிரசின் தலைவராகி, 1964-இல் லால்பகதூர் சாஸ்திரியும் 1966-இல் இந்திரா காந்தியும் பிரதமராவதில் முதன்மைப் பங்காற்றினார்.

1967 பொதுத்தேர்தல் வேறொரு தீர்ப்பை எழுதியது. இந்தித் திணிப்புக்கு எதிரான 1965-ஆம் ஆண்டுப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் காங்கிரசின் செல்வாக்கைக் குறைத்திருந்தன. பிறந்த ஊரான விருதுநகர்த் தொகுதியில், மாணவர் தலைவராக விளங்கிய பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகள் வேறுபாட்டில் காமராசர் தோற்றார். எளியோர் பிள்ளைகளுக்குக் கல்வி தந்தவரை அவ்வூர் ஏன் தோற்கடித்தது என்னும் வினா இன்றும் எழுகிறது. தலைவரின்மீது கொண்ட நன்றியும் ஆட்சியின்மீது கொண்ட மனக்குறையும் ஒரே நெஞ்சில் வாழக்கூடும். வாக்குச்சீட்டில் ஒன்றுக்கே இடமுண்டு. தோற்றபின்னும் அவர் பொதுவாழ்வை விட்டு விலகவில்லை. 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குச் சென்றார்.

எஞ்சிய செல்வம்

காமராசர் 1975 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்தநாளில், மறைந்தார். அவர் சேர்த்துவைத்த சொத்தென ஏதுமில்லை. 1976-இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. விருதுநகரில் அவர் வாழ்ந்த எளிய இல்லம் இன்று நினைவில்லமாகத் திகழ்கிறது.

ஆறாம் வகுப்போடு படிப்பை இழந்த ஒரு சிறுவன், பிற சிறுவர் அவ்வாறு இழக்கலாகாது என எண்ணியதன் பயனைத் தமிழகம் துய்க்கிறது. தீப்பெட்டிக் கட்டை அடுக்கிய கைகள் ஏட்டைப் புரட்டத் தொடங்கிய ஒவ்வொரு வீட்டிலும் அவர் பணி எஞ்சி நிற்கிறது.