பழவேற்காட்டில் இருப்பது ஒரு நண்டா, ரெண்டா? டி.என்.ஏ-வும் மேப்பும் தீர்த்துவைத்த பெயர்க் குழப்பம்!

பழவேற்காட்டில் சேற்று நண்டு விற்பனைக்கு வரும்போது யாரும் அதன் அறிவியல் பெயரைக் கேட்பதில்லை. கொடுக்கைக் கயிற்றால் கட்டி, தராசில் வைத்தால், எடைதான் விலை. உயிரோடு சென்னைக்குப் போய், அங்கிருந்து விமானமேறி சிங்கப்பூர் வரை போகிற நண்டு இது. ஆனால், இதன் பெயரில் பல வருடங்களாக ஒரு குழப்பம் இருந்தது. புத்தகத்தோடு முடிந்துபோகிற குழப்பம் இல்லை. வலை போடுகிறவரின் வருமானம் வரை வரக்கூடியது.

ஏரியில் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று நன்றாகப் பெருக்கும். 2 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. இன்னொன்று சிறியது, செம்பழுப்பு நிறம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த விலங்கியலாளர் பி.ஜே.சஞ்சீவ ராஜும், டி.ஆர்.ஜோயலும் 1980-ல் இவை தனித்தனி இனங்கள் என்று எழுதினார்கள். பெரியதற்கு 'சில்லா ட்ராங்குபாரிகா' என்றும், சிறியதற்கு 'சில்லா செராட்டா' என்றும் பெயர் நிலைத்தது. ட்ராங்குபாரிகா என்றால் வேறொன்றுமில்லை, நம்ம தரங்கம்பாடிதான்! 1798-ல் ஃபெப்ரீஷியஸ் என்ற டென்மார்க் அறிஞர் வைத்த பெயர் அது.

நண்டு இரண்டு என்பது சரிதான். பெயர்கள்தான் இடம் மாறியிருந்தன.

'செராட்டா' என்ற பெயர் 1775-லேயே செங்கடல் நண்டு ஒன்றுக்குச் சூட்டப்பட்டது. கீனன், டேவி, மேன் என்ற மூன்று ஆய்வாளர்கள் பல கடல்களின் நண்டுகளை உடலமைப்பு, மரபணு இரண்டிலும் ஒப்பிட்டு, உலகில் சேற்று நண்டு இனங்கள் நான்கு என்று 1998-ல் அறிவித்தார்கள். செங்கடல் நண்டு எது என்று பார்த்தால், பெரிய வகை! ஆக, நம் பெரிய நண்டுதான் செராட்டா. சிறியது 'சில்லா ஒலிவேசியா'. இந்திய நண்டுகளில் பிறகு நடந்த டி.என்.ஏ ஆய்வுகளும் இதையே சொன்னன.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நண்டின் காலிலிருந்து துளி சதை எடுத்து, ஒரு குறிப்பிட்ட மரபணுவின் எழுத்துகளைப் படிக்கிறார்கள். வித்தியாசம் குறைவென்றால் நெருங்கிய பங்காளி. அதிகமென்றால் தூரத்துச் சொந்தம். இப்படி ஒரு வம்சாவளி மரம் கிடைக்கும். பிறகு, ஒவ்வொரு நண்டும் பிடிபட்ட இடத்தை மேப்பில் புள்ளியாக வைத்து, மரத்தின் கிளைக்கொரு நிறம் கொடுக்கிறார்கள். எந்தக் குடும்பம் எந்தக் கரையில் இருக்கிறது என்பது அப்படியே தெரிந்துவிடும். ஜான் அவைஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் சகாக்களும் 1987-ல் இதற்கு 'ஃபைலோஜியோகிராஃபி' என்று பெயரிட்டார்கள். 1999-ல் செராட்டாவை இப்படி ஆராய்ந்தபோது, இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் ஒரு கிளை பரந்து கிடந்தது. ஆஸ்திரேலியாவின் வடக்கு, மேற்குக் கரைகளில் மட்டும் தனிக் கிளை ஒன்று இருந்தது. குஞ்சுகள் சுமார் மூன்று வாரம் கடலில் மிதப்பவை. நீரோட்டம் கொண்டுபோகிற இடமெல்லாம் சொந்தம்தான்.

சரி, மீனவருக்கு இதில் என்ன? 'இந்த அளவுக்குக் கீழே பிடிக்காதீர்கள்' என்று விதி போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒலிவேசியா சிறிய உடம்பிலேயே முட்டை வைக்கும். செராட்டா பெரிதான பிறகுதான். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் என்றால், ஒன்று முட்டை வைக்கும் முன்பே வலையில் ஏறும். அல்லது வளர்ந்து முடிந்த சிறிய நண்டைத் தண்ணீரில் திரும்ப விட வேண்டியிருக்கும். பண்ணைக்காரர் பாடு இன்னும் கஷ்டம். ஏரியில் பிடித்த குஞ்சுகளில் இரண்டும் கலந்திருந்தால், எவ்வளவு தீனி போட்டாலும் பாதி பெருக்காது. சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீருயிரி வளர்ப்பு மையம் குஞ்சு பொரிப்பகத்தில் உருவாக்குவது செராட்டா குஞ்சுகளைத்தான்.

அடையாளம் காண டி.என்.ஏ-தான் வேண்டும் என்றில்லை. கொடுக்கின் 'மணிக்கட்டு' வெளிப்புறத்தைப் பாருங்கள். இரண்டு கூர்முள் எழும்பி நின்று, கால்களில் எல்லாம் வலை பின்னியது போன்ற கோலமும் இருந்தால், அது செராட்டா. முள் மழுங்கி, கோலமும் இல்லையென்றால் ஒலிவேசியா. கொடுக்கைக் கட்டிய பிறகு பார்ப்பது உத்தமம்!